அதுவே இதுவா?
விளையாட்டின் அடையாளமும் விற்போர் அதிகாரமும்

இருவேறிடங்களிற் காணப்படும் பொருளை ஒரே பொருளெனத் துணிவதற்கு ஆதாரம் யாது என்னும் வினா மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். ஏட்டிலே பிறந்து ஏட்டிலே முடியும் நுண்வாதம் என அதனைத் தள்ளுவோர் உளர். ஆயின், பழைய வினாவொன்று எவரும் எதிர்பாராத இடத்திற் புதிய உருக்கொண்டு எழுவதும், அவ்வாறு எழும்பொழுது அறத்தோடும் அதிகாரத்தோடும் பிணைந்து நிற்பதும் சிந்தனை வரலாற்றில் அடிக்கடி நிகழ்வனவே. கணினி விளையாட்டுக்களின் உலகில் எழுந்துள்ள சிக்கலொன்று இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். வெவ்வேறு இணையக் கடைகளிற் பெறப்பட்ட ஒரே விளையாட்டை, நண்பர்களை இணைக்கும் செயலிகள் ஒரே விளையாட்டென அறிந்துகொள்வது எவ்வாறு என்பதே அச்சிக்கல்.

விளையாட்டைப் பற்றிப் பல்கலைக்கழக ஏடொன்றில் ஆராய்வது தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். பண்பாட்டின் வேர்களை விளையாட்டிலே தேடிய ஒல்லாந்த வரலாற்றாசிரியர் ஹொய்சிங்கா 1938இல் வெளியிட்ட ஆய்வு அவ்வையத்தை ஓரளவு நீக்கும். விளையாட்டு என்பது பெரும்பாலும் பிறரோடு கூடி ஆடுவது. கூடுவதற்கு முதல் நிபந்தனை, எவர் எதனை ஆடுகின்றனர் என்பதை ஒருவரையொருவர் அறிந்திருத்தல். இவ்வறிவு எவருடைய கையில் உள்ளதோ அவர் கூட்டத்தின் வாயிலைக் காப்பவராகின்றார். ஆதலின் ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறிதாயினும் அதன் உட்கிடை சிறிதன்று.

முதலில் நிலைமையைச் சற்று விளக்குதல் வேண்டும். முன்னர்க் கணினி விளையாட்டுக்கள் தட்டுக்களிற் பதிவுசெய்யப்பட்டுப் பெட்டிகளில் விற்பனையாயின. எந்தத் தெருவில் எந்தக் கடையில் வாங்கினும் உள்ளிருந்த பொருள் ஒன்றே. வாங்கியவர் வெளியேறியதும் கடைக்காரருக்கும் அவருக்குமிடையே வேறு தொடர்பில்லை. 2003 செப்டெம்பரில் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்னும் சேவையைத் தொடங்கிற்று. 2005 முதல் பிற நிறுவனங்களின் ஆக்கங்களும் அங்கு விற்கப்படலாயின. 2008இல் ஜி.ஓ.ஜி. என்னும் கடையும், 2018 டிசெம்பரில் எபிக் நிறுவனத்தின் கடையும் வந்தன. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்துக்கும் தனிக் கடை உண்டு; சிறு படைப்பாளிகளுக்கு இட்ச் போன்ற கடைகள் உண்டு. இக்கடைகளில் வாங்குதல் என்பது பொருளைப் பெறுதல் மாத்திரமன்று. அக்கடையின் கணக்கில் ஒருவராகப் பதிவாகி, அதன் நண்பர் பட்டியலுக்குள் நுழைவதும் ஆகும். பழைய கடை பொருளை விற்றது. புதிய கடை பொருளோடு உறவுகளையும் தன்னகத்தே வைத்துக்கொள்கின்றது.

கடைகள் பலவாகப் பெருகியபொழுது, அவற்றுக்கு வெளியே நின்று நண்பர்களை இணைக்கும் செயலிகளின் தேவை உணரப்பட்டது. எக்ஸ்ஃபயர் என்பது அவ்வகையில் முன்னோடியானது. 2006இல் வியாகொம் நிறுவனம் அதனைப் பத்துக் கோடி டொலருக்கும் மேற்பட்ட விலை கொடுத்து வாங்கியது. இப்பொழுது அப்பணியைப் பெரிதும் ஆற்றுவது 2015இல் தோன்றிய டிஸ்கோர்ட் ஆகும். ‘இன்னார் இப்பொழுது இன்ன விளையாட்டை ஆடுகின்றார்’ என நண்பர்களுக்கு அறிவிப்பது இச்செயலிகளின் முக்கியமான பணிகளுள் ஒன்று. இவ்வறிவிப்பைக் கண்டு மற்றவர் வந்து சேர்ந்துகொள்வர். எளிய செயலாகத் தோன்றும் இதனுள்ளேயே நம் வினா மறைந்திருக்கின்றது. ஒருவர் ஸ்டீமில் விலை கொடுத்து ஒரு விளையாட்டை வாங்குகின்றார். பணவசதி குறைந்த அவர் நண்பர், எபிக் கடை இலவசமாக வழங்கிய நாட்களில் அதே விளையாட்டைப் பெற்றுக்கொள்கின்றார். இருவரும் ஆடுவது ஒரே விளையாட்டென மனிதர் எவரும் ஐயமின்றிக் கூறுவர். இயந்திரம் அதனை எவ்வாறு அறியும்?

இயந்திரம் அறியும் வழிகள் மூன்றென வகுத்துக்கூறலாம். முதலாவது, கணினியில் அவ்வேளை இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள்களின் கோப்புப் பெயர்களைப் பார்த்து, முன்னரே தொகுத்து வைத்த பட்டியலோடு ஒப்பிடுதல். இரண்டாவது, கடையொன்று தன் விளையாட்டை நிறுவும்பொழுது கணினியில் எழுதிவைக்கும் பதிவைப் படித்தல். அப்பதிவிலே அக்கடை அவ்விளையாட்டுக்கு வழங்கிய எண் இருக்கும். மூன்றாவது, விளையாட்டே தன் வாயால் ‘யான் இன்னது’ எனச் செயலிக்கு அறிவித்தல். இதற்கு அவ்விளையாட்டை ஆக்கியோர் முன்கூட்டியே வழி செய்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் முறையே தோற்றத்தை நோக்கி அறிதல், பிறர் தந்த சான்றை நோக்கி அறிதல், தன் கூற்றால் அறிதல் என்பவற்றை ஒக்கும்.

இவை மூன்றும் குறைபாடுடையன. முதலாவது வழியை நோக்குவோம். ஆர்.பி.ஜி. மேக்கர் என்னும் கருவியைக் கொண்டு எண்ணற்ற தனிமனிதர் தத்தம் விளையாட்டுக்களை ஆக்கியுள்ளனர். அவற்றுட் பெரும்பாலானவற்றின் இயக்கக் கோப்புக்குக் ‘கேம்’ என்பதே பெயர். ஊரிலுள்ளோர் அனைவருக்கும் ‘மனிதன்’ எனப் பெயரிட்டதை இது ஒக்கும். மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவாப் பதிப்போ ஜாவா மொழிக்குரிய பொது இயக்கியின் பெயருக்குள் மறைந்து இயங்குவது. உலகெங்கும் அறியப்பட்ட விளையாட்டாயினும் கோப்புப் பெயரை மாத்திரம் பார்க்கும் கண்ணுக்கு அது தென்படாது. பெயர் ஒன்றாயிருக்கப் பொருள் பலவாதலும், பொருளின் பெயர் வேறொன்றின் பெயரால் மறைக்கப்படுதலும் இவ்வழியின் இயல்பான குறைகள்.

கடை வழங்கிய எண்ணை நம்பும் இரண்டாவது வழி உறுதியானது போலத் தோன்றும். ஆயின் எண் கடைக்கு உரியது, விளையாட்டுக்கு உரியதன்று. ‘விட்சர் 3’ என்னும் விளையாட்டுக்கு ஸ்டீம் வழங்கிய எண் 292030. ஜி.ஓ.ஜி. கடையில் அதற்கு வேறோர் எண் உண்டு. எபிக் கடையிலோ எழுத்தும் எண்ணும் விரவிய வேறொரு குறியீடு. ஓர் ஆளுக்கு மூன்று அலுவலகங்களில் மூன்று எண்கள் இருப்பின், எண்ணை மட்டும் அறிந்த எழுதுநர் மூன்று ஆட்கள் உளரென்றே எழுதிவைப்பார்.

ஒரே கடையினுள்ளேகூட எண்ணும் பொருளும் எப்பொழுதும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்வதில்லை. ஸ்டீமில் 730 என்னும் எண் ‘கவுண்டர் ஸ்ட்ரைக்: குளோபல் ஒஃபென்சிவ்’ என்னும் விளையாட்டுக்கு உரியதாயிருந்தது. 2023 செப்டெம்பரில் அதன் இடத்தை ‘கவுண்டர் ஸ்ட்ரைக் 2’ பெற்றது. இயக்கும் பொறி மாறிற்று, பெயர் மாறிற்று, எண் மாறவில்லை. இதற்கு மாறாக, ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5’ என்னும் விளையாட்டின் மேம்படுத்திய பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தபொழுது அதே கடையிற் புதிய எண்ணைப் பெற்றது. பழைய பதிப்பு பழைய எண்ணுடன் நின்றது. கதை ஒன்று, மாந்தர் ஒன்று, நகரம் ஒன்று, எண்கள் இரண்டு. எண் மாறாதது பொருள் மாறாமைக்குச் சான்றன்று. எண் மாறியது பொருள் வேறானதற்கும் சான்றன்று.

இவ்விடத்து மெய்யியலாளர் இருவகையினர் கூறியவை நினைவுகூரத்தக்கன. ஜேர்மானிய அளவையியலாளர் ஃபிரேகே 1892இல் எழுதிய கட்டுரையொன்றில் விடிவெள்ளியையும் அந்திவெள்ளியையும் எடுத்துக்காட்டினார். இரு பெயர்களும் சுட்டும் பொருள் ஒரே கோளாகும். ஆயினும் அவ்விரண்டும் ஒன்றே என்பது வானத்தை ஆராய்ந்தோர் கண்டடைந்த உண்மையேயன்றி, பெயர்களை உற்றுநோக்கிப் பெறத்தக்கதன்று. ஸ்டீமின் எண்ணையும் எபிக்கின் குறியீட்டையும் எவ்வளவு நேரம் உற்றுநோக்கினும் அவை ஒன்றையே சுட்டுகின்றன என்பது வெளிப்படாது. யாரோ ஒருவர் இரண்டையும் ஆடிப்பார்த்தோ ஆராய்ந்தோ ‘இவை ஒன்றே’ என எழுதிவைத்தல் வேண்டும்.

மற்றையது இந்திய மெய்யியலில் நிகழ்ந்த நெடிய விவாதமாகும். முன்பு ஓரூரிற் கண்ட தேவதத்தனைப் பின்பு வேறோரூரிற் கண்டு ‘அவனே இவன்’ எனத் துணியும் அறிவை வடநூலார் பிரத்தியபிக்ஞை என்பர்; மீளறிவு எனத் தமிழிற் கூறலாம். பொருள் நிலைத்திருப்பதற்கு இம்மீளறிவே சான்றென நையாயிகர் வாதித்தனர். பௌத்தர் அதனை மறுத்தனர். விளக்கின் சுடர் கணந்தோறும் வேறாகியும் ஒன்றுபோலத் தோன்றுவதை எடுத்துக்காட்டி, மீளறிவு நம்மை ஏமாற்றவும் கூடும் என்றனர். 730 என்னும் எண்ணைக் கண்டு பழைய விளையாட்டையே எண்ணும் செயலி, சுடரைக் கண்டு மயங்கும் மனிதனை ஒக்கும். மூன்று கடைகளின் எண்களைக் கண்டு மூன்று விளையாட்டுக்களெனக் கொள்ளும் செயலியோ, ஊர் மாறியதும் தேவதத்தனை அறியாது விழிப்பவனை ஒக்கும். இரு சாராரின் எச்சரிக்கையும் நமக்குத் தேவைப்படுகின்றது.

இனி, இச்சிக்கல் தீர்க்கவொண்ணாதது எனக் கருதிவிடலாகாது. நூலகவியலார் இதனையொத்த சிக்கலை நெடுங்காலமாக எதிர்கொண்டு வந்துள்ளனர். ஒரு நாவல் பல பதிப்பாளரால், பல மொழிகளில், பல அளவுகளில் வெளியிடப்படுகின்றது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி எண் உண்டு. ஆயின் வாசகர் கேட்பது எண்ணையன்று, நாவலையே. 1998இல் நூலகச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கையொன்று ஆக்கம், வெளிப்பாடு, வெளியீடு, படி என நான்கு நிலைகளை வகுத்துத் தந்தது. ஆசிரியர் மனத்தெழுந்த படைப்பு ஆக்கம். அது ஒரு மொழியிலோ வடிவிலோ உருப்பெறுவது வெளிப்பாடு. அச்சாகி வெளிவருவது வெளியீடு. நம் கையிலுள்ள தனி நூல் படி. இவ்வகுப்பைக் கொண்டு நோக்கின் கடைகள் வழங்கும் எண்கள் வெளியீட்டின் எண்களே என்பது தெளிவாகும். ஆக்கத்துக்குரிய எண்ணை எக்கடையும் வழங்கவில்லை. வழங்கும் உரிமையும் அதற்கில்லை.

‘ஒன்றா, வேறா?’ என்னும் வினாவுக்கு நோக்கம் அறியாது விடையளித்தலும் இயலாது. ஒரு கடையின் பதிப்பிலே திருத்தமொன்று முந்தி வரலாம். மற்றொன்றிலே பிந்தி வரலாம். இருவர் கூடி ஆடுவதற்குப் பதிப்பும் ஒத்திருத்தல் வேண்டும். ஆண்டு வெளியீட்டு நிலையில் உள்ள வேறுபாடு பொருட்டாகும். நண்பர் எதனை ஆடுகின்றார் என அறிவதற்கோ ஆக்கநிலை ஒற்றுமையே போதும். ஒரு நாவலின் இருவேறு பதிப்புக்களைப் படித்த இருவர் அதன் கதையைப் பற்றி உரையாடுவதற்குப் பக்க எண்கள் ஒத்திருத்தல் வேண்டியதில்லை. எனவே ‘பதிப்புக்கள் வேறு, ஆதலின் விளையாட்டும் வேறு’ என்னும் வாதம் ஒரு நோக்கத்துக்குப் பொருந்தும் உண்மையை எல்லா நோக்கங்களுக்கும் நீட்டுவதால் விளையும் வழுவாகும்.

கடைகளின் எண்களையெல்லாம் ஓர் ஆக்கத்தின் கீழ்த் தொகுக்கும் பட்டியல்களும் இல்லாமலில்லை. இணைய விளையாட்டுத் தரவுத்தளம் என்பது அத்தகையதொன்று. 2019இல் அமேசன் குழுமத்தைச் சேர்ந்த டுவிட்ச் நிறுவனம் அதனை வாங்கிற்று. 2012இல் தொடங்கிய விக்கித்தரவும் தன்னார்வலர் உழைப்பினால் இவ்வெண்களைச் சேர்த்து வருகின்றது. ஜி.ஓ.ஜி. நிறுவனம் 2019இல் அறிமுகஞ் செய்த கேலக்சி 2.0 என்னும் செயலி எல்லாக் கடைகளின் விளையாட்டுக்களையும் ஒரே அடுக்கிற் காட்ட முனைந்தது. திறந்த மூல மென்பொருளாகிய பிளேனைட் அதே பணியை வேறொரு வகையில் ஆற்றுகின்றது.

அங்ஙனமாயின் அறிவின் குறைவினால் இச்சிக்கல் நீடிக்கின்றதெனக் கூறுதல் பொருந்தாது. வழி தெரிந்திருந்தும் செல்லாதிருப்பதற்குக் காரணம் யாது? இவ்வினாவோடு நாம் அளவையியலைக் கடந்து அறவியலுக்குள் நுழைகின்றோம்.

2016 நவம்பரில் வெளிவந்த ‘கோல் ஒஃப் டியூட்டி: இன்ஃபினிற் வோர்ஃபெயார்’ என்னும் விளையாட்டைச் சிலர் ஸ்டீமிலும் சிலர் மைக்ரோசொஃப்ட் கடையிலும் வாங்கினர். ஒரே வகைக் கணினி; ஒரே விளையாட்டு; ஒரே நாள். ஆயினும் ஒரு கடையில் வாங்கியோர் மறுகடையில் வாங்கியோருடன் ஆட இயலவில்லை. மைக்ரோசொஃப்ட் கடையில் வாங்கியோர் சிறுதொகையினராதலின் எதிராளியைத் தேடிக் காத்திருக்க நேர்ந்தது. 2018 ஜூனில் ‘ஃபோட்நைட்’ விளையாட்டு நின்டெண்டோ கருவிக்கு வந்தபொழுது, முன்னர் சோனியின் கருவியோடு இணைக்கப்பட்ட கணக்குக்கள் அங்கு ஏற்கப்படவில்லை. எதிர்ப்பு வலுத்தபின், அவ்வாண்டு செப்டெம்பரிலேயே சோனி தன் கதவைத் திறந்தது. கதவு மூடியிருந்தமைக்குத் தொழில்நுட்பம் காரணமன்று என்பதைத் திறந்த விரைவே உணர்த்திற்று. 2022 ஜூனில் எபிக் நிறுவனம், ஸ்டீமில் வாங்கியோரும் தன் கடையில் வாங்கியோரும் கூடி ஆடுதற்கான கருவிகளைப் படைப்பாளிகளுக்கு வழங்கியதும் இதனையே உறுதிப்படுத்துகின்றது.

வரலாற்றிலே இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் பெல்லின் முதன்மையான தொலைபேசிக் காப்புரிமைகள் 1893, 1894 ஆகிய ஆண்டுகளில் முடிவுற்றன. அதன்பின் சுயாதீனமான தொலைபேசி நிறுவனங்கள் பல தோன்றின. ஒரே நகரில் இரு நிறுவனங்களின் கம்பிகள் அருகருகே சென்றன. ஒன்றன் சந்தாதாரர் மற்றதன் சந்தாதாரரோடு பேச இயலவில்லை. எல்லோரோடும் பேச விரும்பிய வணிகர் இரண்டு தொலைபேசிகளை மேசைமேல் வைத்துக்கொண்டனர். 1913இல் அரசின் நெருக்குதலின்பேரில், தன் நெடுந்தூரக் கம்பிகளைப் பிற நிறுவனங்களுக்குத் திறந்துவிடப் பெல் குழுமம் இணங்கிற்று. அண்மைக் காலத்தில், 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் மிகப்பெரிய செய்திப் பரிமாற்றச் சேவைகளுக்கு இதனையொத்த கடமையை விதித்தது. விளையாட்டுக் கடைகளுக்கு அச்சட்டம் அத்தகைய கடமையை விதிக்கவில்லை.

இங்கு இரு கருத்துக்களை வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகின்றது. ஒன்று அடையாளங் காணல், மற்றது அங்கீகரித்தல். அடையாளங் காணல் அறிவின் செயல். ‘இது இன்னது’ எனத் துணிவதோடு அது முடிவுறும். அங்கீகரித்தல் உறவின் செயல். ‘நீயும் இங்கு உள்ளாய்’ என ஏற்பது அது. ஒருவர் தன்னை உணர்வதற்கு மற்றொருவரால் ஏற்கப்படுதல் வேண்டும் என்னும் கருத்தை ஹெகல் 1807இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். ஏற்க மறுத்தலும் தவறாக ஏற்றலும் ஒருவருக்கு இழைக்கும் தீங்காகலாம் எனக் கனேடிய மெய்யியலாளர் சாள்ஸ் டெய்லர் 1992இல் வாதித்தார். விளையாட்டுச் செயலியொன்று ஒருவரின் விளையாட்டை அறியாதிருப்பதை இனத்தாலும் மொழியாலும் புறக்கணிக்கப்படுவோரின் துன்பத்தோடு ஒப்பிடுதல் மிகையாகும். ஆயின் இரண்டிலும் அமைப்பு ஒன்றே: அடையாளங் காணும் ஆற்றல் உடையவர், அங்கீகரிக்க வேண்டாமென முடிவுசெய்துவிட்டு, அடையாளங் காண இயலவில்லை எனக் காரணங் கூறுதல்.

இதற்கு ஒரு சிறு சான்று போதும். பிற கடையில் வாங்கிய விளையாட்டையும் ஸ்டீமின் அடுக்கிலே பயனர் தம் கையாற் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வாறு சேர்த்து ஆடும்பொழுது நண்பர்களுக்குத் தோன்றும் அறிவிப்பு, அவர் ‘ஸ்டீம் அல்லாத விளையாட்டில்’ இருக்கின்றார் என்பதாகும். அதே விளையாட்டை ஸ்டீமும் விற்பதுண்டு. அப்பொழுதும் அறிவிப்பு அதுவே. பொருளை அதன் இயல்பாற் சுட்டாது, தன்னிடம் வாங்கப்படாமையாற் சுட்டும் பெயர் இது. உள்ளோர், அல்லாதோர் எனப் பிரிக்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்தது இயந்திரமன்று, மனிதரே.

விற்போர் தரப்பிலே கூறத்தக்க நியாயமும் உண்டு. நண்பர் பட்டியலையும் அதனைத் தாங்கும் கணினிகளையும் பெரும் பொருள் செலவிட்டுக் கடையே அமைத்தது. அதன் பயனைப் போட்டிக் கடையின் வாடிக்கையாளருக்கு எதற்காக வழங்குதல் வேண்டும் என அவர் வினவலாம். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உழைப்புக்கும் முதலீட்டுக்கும் பயன் உரியதே. ஆயினும் கடை அமைத்தது பட்டியலையே; நட்பை அன்று. இரு மாணவரிடையே உள்ள தோழமை கடையின் படைப்பன்று. ஒருவர் ஆடுவதை மற்றவர் அறிந்து மகிழ்வதைக் கடையின் முதலெனக் கொள்வது, சந்தையிலே சந்தித்துப் பேசுவோரின் நட்புக்குச் சந்தைக் குத்தகைகாரர் உரிமை கோருவதை ஒக்கும். அவர் இடத்துக்கு வாடகை பெறலாம். பேச்சுக்கு வரி விதிக்கலாகாது.

இரண்டாவதாக எழும் மறுப்பு இன்னும் வலியது. எல்லாக் கடைகளின் விளையாட்டுக்களையும் அறிந்துகொள்ளும் செயலி, எல்லாக் கணினிகளையும் துருவிப் பார்க்கும் செயலியாகவும் மாறிவிடாதா? இயங்கும் மென்பொருள்களின் பெயர்களைப் பார்க்கும் கண், விளையாட்டல்லாதவற்றையும் பார்க்கவல்லது. 2019 மார்ச்சில் எபிக் கடையின் மென்பொருள், பயனர் கேளாமலே ஸ்டீமின் கோப்பொன்றைப் படித்துப் படியெடுத்து வைத்தமை வெளிப்பட்டது. நண்பர்களைத் தன் கடைக்குக் கொணரப் பயனர் விரும்பினாலன்றி அத்தரவு அனுப்பப்படுவதில்லை என நிறுவனம் விளக்கிற்று. எனினும், விருப்பந் தெரிவித்த பின்னரே அக்கோப்பை அணுகியிருத்தல் வேண்டும் என்பதை அதன் தலைவர் டிம் சுவீனி ஏற்றுக்கொண்டார். நண்பர்களை இணைத்தல் என்னும் நல்ல நோக்கமும் அனுமதியின்றிப் புகும்பொழுது அத்துமீறலாகின்றது. இதற்கு ஓராண்டின் முன், 2018 ஏப்ரலில், பயனரின் விளையாட்டுப் பட்டியல் இயல்பாகவே பிறருக்குத் தெரியாதிருக்குமாறு ஸ்டீம் தன் விதியை மாற்றியிருந்தது. அறியப்படாதிருக்க விரும்புவோருக்கு அது நன்மையே.

அறியப்பட வேண்டுமென்றும் அறியப்படாதிருக்க வேண்டுமென்றும் ஒருங்கே கோருவது முரண்பாடன்றோ எனின், அன்று. கூறப்படுதலும் கண்டுபிடிக்கப்படுதலும் வேறு. ஒருவர் தம் பெயரைத் தாமே கூறி அறிமுகமாவது ஒன்று. அவர் பையைத் திறந்து அடையாள அட்டையைப் பிறர் எடுத்துப் படிப்பது மற்றொன்று. இரண்டின் முடிவிலும் பெயர் தெரியவரும். ஆயின் முதலாவதில் அவர் மதிக்கப்படுகின்றார். இரண்டாவதில் அவர் சோதிக்கப்படுகின்றார். இன்றைய ஏற்பாட்டில் உள்ள பெருங்குறை யாதெனில், இயந்திரத்தின் துருவலும் கடையின் பதிவும் முதற்சான்றாகக் கொள்ளப்பட, ஆடுவோரின் சொல் கடைசிச் சான்றாகத் தள்ளப்பட்டமையே. டிஸ்கோர்ட் முதலிய செயலிகளில் விளையாட்டைத் தாமே சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஆயின் அது பட்டியலிலே இடம்பெறாதோருக்கு விடப்பட்ட பக்கவாயிலாகவே இருக்கின்றது. அதனை முன்வாயிலாக்குதலே நேரிய வழி.

இன்னொன்றையும் கருதுதல் வேண்டும். இப்பொழுது இணைப்பின் சுமையைச் சுமப்போர் எவர்? கேலக்சி செயலியின் இணைப்புக்களுட் பலவற்றைத் தன்னார்வலரே எழுதினர். கடைகள் உள்நுழையும் முறையை மாற்றுந்தோறும் அவ்விணைப்புக்கள் அறுபடுகின்றன. அவற்றைச் செப்பனிடுவதும் தன்னார்வலர் தலையிலேயே விழுகின்றது. கதவைப் பூட்டும் அதிகாரம் ஒருசாராரிடமும், ஒவ்வொரு பூட்டுக்கும் திறவுகோல் செய்யும் கடமை மறுசாராரிடமும் இருத்தல் நீதியாகாது. மேலும், கடைகளுக்கு வெளியே நின்று இணைத்த செயலிகளும் நிலைத்தவையல்ல. எக்ஸ்ஃபயர் 2015இலும் அதனையொத்த ராப்டர் 2017இலும் மூடப்பட்டன. தனியார் நிறுவனமொன்றின் பட்டியலை நம்பியே நம் அடையாளங்கள் நிலைபெறுமாயின், அந்நிறுவனம் மறையும் நாளில் அவையும் மறையும்.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கடப்பாடுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆக்கத்தின் அடையாளம் விற்போர் எவருக்கும் உடைமையாகாத பொதுப் பட்டியலொன்றில் நிலைபெறுதல் வேண்டும். நூலகங்கள் நூல்களுக்கு ஆற்றிய பணி இது. கடைகள் தத்தம் எண்களை அதனோடு பொருத்திக் காட்டுவது பெருஞ்செலவான காரியமன்று. இரண்டாவது, எதனை ஆடுகின்றோம் எனக் கூறும் முதலுரிமை ஆடுவோருக்கே உரித்தாதல் வேண்டும். வேறு கடையிற் பெற்றமையால் அவர் சொல் மதிப்பிழத்தல் கூடாது. மூன்றாவது, கூறாதிருக்கும் உரிமையும் அதே அளவுக்குக் காக்கப்படுதல் வேண்டும். முதலாவது இல்லாவிடின் இரண்டாவது குழப்பத்தில் முடியும். மூன்றாவது இல்லாவிடின் முதலிரண்டும் கண்காணிப்பில் முடியும்.

விளையாட்டுக்களோடு இவ்வினா நின்றுவிடப் போவதில்லை. நாம் படிக்கும் மின்னூல்களும், கேட்கும் இசையும், பார்க்கும் திரைப்படமும் கடைகளின் கணக்குக்களுக்குள் விரைந்து புகுந்துகொண்டிருக்கின்றன. எங்கே வாங்கினோம் என்பது எதனைப் படித்தோம் என்பதற்கும், எவரோடு பகிர்ந்தோம் என்பதற்கும் முன்னிற்கும் நிலை பரவி வருகின்றது. ‘அதுவே இது’ எனக் கூறும் அறிவு மனிதருக்கு இயல்பாக வாய்த்தது. அதனை இயந்திரத்துக்குக் கற்பிப்பது பொறியியலாளர் பணி. ஆயின் அவ்வாறு கூறும் அதிகாரத்தை விற்பவரிடம் ஒப்படைப்பதா, அன்றி ஆடுவோரும் படிப்போரும் தம்மிடமே வைத்துக்கொள்வதா என்பது பொறியியலாளர் மட்டும் விடைகூறி முடிக்கும் வினாவன்று. கற்றோர் அனைவரும் எண்ணித் துணியவேண்டியது அது.